கூடம் கோணல்தான்

'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.' கைபேசியோ டிவியோ வாஷிங் மெஷினோ படுத்துகிறது என்று வாய் திறந்தவுடன், நமக்குக் கிடைக்கும் பதில் இந்தப் பழமொழிதான். சொல்லும் வார்த்தைதான் ஆளுக்கு ஆள் மாறும். கடைக்காரர் "யூஸ் பண்ணப் பண்ணப் பழகிடும் சார்" என்பார். சர்வீஸ் சென்டரில் "தப்பா ஹேண்டில் பண்ணியிருக்கீங்க" என்பார்கள். வீட்டுப் பிள்ளைகள் "உனக்கு இதெல்லாம் புரியாது பாட்டி" என்று ரிமோட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள். மூன்று பேர் சொல்வதும் ஒன்றே: கருவி சரியாகத்தான் இருக்கிறது, குறை உன்னிடம்.

இந்தத் தரப்பை அதன் முழு வலுவோடு முதலில் எடுத்து வைத்துவிடுகிறேன். புதிய கருவி எதுவும் முதல் நாளே கைக்கு அடங்காது. முழங்கால் தேயாமல் சைக்கிள் பழகியவர் யார்? கேஸ் அடுப்பு வெடித்துவிடும் என்று பயந்த வீடுகள் பிறகு விறகடுப்பை மறந்தன. ஏடிஎம் வாசலில் தயங்கி நின்ற தலைமுறை இன்று பூக்கடையில் ஸ்கேன் செய்து பணம் கொடுக்கிறது. எனவே இப்போதைய எரிச்சலும் கடந்துபோகும். வயதும் தயக்கமும்தான் தடை. மாற வேண்டியவர் மனிதர். கருவிகள் மோசமாக இருந்தால் கோடிக்கணக்கில் விற்குமா? பிடிக்காதவர் வாங்காமல் இருக்கலாமே? இவ்வளவும் அவர்கள் வாதம். இதில் உண்மை கலந்திருக்கிறது. அதனால்தான் இவ்வளவு பேர் நம்புகிறார்கள். ஆனால் வந்து சேரும் முடிவு தவறு. தரை கோணலா நேரா என்று கொத்தனார் யாரோடும் வாதாடுவதில்லை, ரசமட்டத்தை எடுத்து வைத்துப் பார்க்கிறார். நாமும் கூடத்தை அளந்து பார்ப்போம்.

என்னை இதை எழுத வைத்தது என் அம்மா சொன்ன ஒரு வாக்கியம். அவருக்கு வயது 71. அரசுப் பள்ளியில் முப்பதாண்டுகளுக்கு மேல் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். ஒருநாள் மாலை ஏழு மணிச் செய்தி பார்க்க டிவியைப் போட்டார். முந்தின இரவு தானாகவே அப்டேட் ஆகியிருந்த டிவியில் முகப்பே மாறிவிட்டது. செய்தி சேனல் இருந்த இடத்தில் ஒரு படத்தின் விளம்பரம். அதை அழுத்தினால் மாதச் சந்தா கேட்கிறது. பின்னால் போனால் வேறொரு விளம்பரம். இருபது நிமிடம் போராடிவிட்டு எனக்குப் போன் செய்தார். நான் வழி சொல்லி முடித்ததும், "எனக்கு மூளை மழுங்கிடுச்சுப்பா" என்றார். இருபடிச் சமன்பாட்டைக் கரும்பலகை பார்க்காமலே தீர்ப்பவர், ஒரு தொலைக்காட்சிப் பெட்டி முன்னால் தன் அறிவைச் சந்தேகிக்கிறார். அந்தச் சந்தேகம் பொய்யானது. அதை விதைத்தவர்கள் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

1. 'பழகினால் சரியாகிவிடும்'

எதைப் பழகுவது? பழக்கம் என்பது பழகும் பொருள் அசையாமல் இருந்தால்தான் உண்டாகும். சைக்கிள் ஓட்டக் கற்றவர் இருபது வருடம் தொடாமல் இருந்தாலும் ஏறி மிதித்துவிடுவார். பெடல் இருந்த இடத்தில் பெடல் இருக்கிறது, பிரேக் இருந்த இடத்தில் பிரேக் இருக்கிறது. தமிழ்நாட்டில் எத்தனை பேர் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் எழுதித் தேறியிருக்கிறார்கள்! 1985-இல் இன்ஸ்டிடியூட்டில் விரல் பதித்துக் கற்றவர், இன்று கணினி விசைப்பலகை முன் உட்கார்ந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பார். எழுத்துகள் இடம் மாறவில்லை. இயந்திரம் போய்க் கணினி வந்த பிறகும் விரல் கற்ற பாடம் வீணாகவில்லை.

கைபேசி, டிவி, செயலிகள் இந்த உடன்பாட்டை முறிக்கின்றன. சில மாதங்களுக்கு ஒருமுறை பொத்தான்களின் இடம் மாறுகிறது, படக்குறிகள் மாறுகின்றன, இரண்டு தட்டில் முடிந்த வேலைக்கு நான்கு தட்டு வேண்டியிருக்கிறது. யாரும் கேட்டு நடந்த மாற்றமல்ல இது. நேற்றுக் கற்றதை இன்று மறக்கச் சொல்லிவிட்டுக் 'கற்றுக்கொள்' என்று சொல்வது எந்த நியாயம்?

'பாதுகாப்புக்கு அப்டேட் அவசியம்' என்பார்கள். அவசியம்தான். மென்பொருளில் ஓட்டை தெரிந்தால் அடைத்தே ஆக வேண்டும், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் பூட்டைச் சரிசெய்ய வந்தவர் வாசற்கதவைப் பெயர்த்து வேறு சுவரில் மாட்டிவிட்டுப் போகலாமா? ஓட்டை அடைப்பதையும் முகப்பை மாற்றுவதையும் ஒரே பொட்டலமாகக் கட்டித் தருவது தொழில்நுட்பக் கட்டாயம் அல்ல. தருபவர் எடுத்த முடிவு அது.

2. 'திறமை இருப்பவர்களுக்கு எந்தச் சிக்கலும் இல்லை'

அப்படியானால் திறமைசாலிகளிடமே போவோம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்களில் ஒரே மாதிரி விபத்து திரும்பத் திரும்ப நடந்தது. தரையிறங்கிய விமானி, இறக்கை மடல்களை மடக்குவதற்குப் பதிலாகச் சக்கரங்களை மடக்கிவிடுவார். விமானம் வயிறு தேய உட்கார்ந்துவிடும். விமானியின் பிழை என்றே கணக்கு எழுதினார்கள். அல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் விமானி அறைக்குள் போய்ப் பார்த்தார். இரண்டு வேலைகளுக்கான விசைகளும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே வடிவத்தில் இருந்தன. சக்கர விசையின் நுனியில் சிறிய ரப்பர் சக்கரத்தையும், மடல் விசையின் நுனியில் ஆப்பு வடிவத்தையும் பொருத்தச் சொன்னார். விரல் தொட்டவுடனேயே வித்தியாசம் தெரிந்தது; அந்த விபத்து ஓய்ந்தது. விமானிகளுக்குப் புதிய பயிற்சி எதுவும் தேவைப்படவில்லை. சக்கர விசைக்குச் சக்கர வடிவம் என்பது பிறகு பயணிகள் விமானங்களுக்கான விதியாகவே ஆனது.

அது பழைய கதை என்பவர்களுக்குப் புதியதும் இருக்கிறது. 2017 ஆகஸ்ட் 21 அன்று, சிங்கப்பூர் நீரிணைக்கு அருகே யுஎஸ்எஸ் ஜான் எஸ். மெக்கேன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் ஒரு எண்ணெய்க் கப்பலோடு மோதியது. பத்து மாலுமிகள் இறந்தார்கள். கப்பலின் வேகத்தையும் திசையையும் தொடுதிரையில் இயக்கும்படி அமைத்திருந்தார்கள். இரண்டு பக்க உந்துவிசையையும் சேர்த்துக் குறைப்பதாக மாலுமி நினைத்தார். திரையில் இரண்டும் பிரிந்திருந்ததால் ஒரு பக்கம் மட்டும் குறைந்து, கப்பல் திரும்பிவிட்டது. 2019-இல் வந்த விசாரணை அறிக்கை பயிற்சிக் குறைவையும் மேற்பார்வைக் குறைவையும் கண்டித்தது. அதோடு, அந்தத் தொடுதிரை அமைப்பே தவறு நேர வாய்ப்பைக் கூட்டியது என்றும் சொன்னது. கையால் பிடித்துத் தள்ளும் பழைய விசைகளுக்கே திரும்புவதாக அதே ஆண்டு கடற்படை அறிவித்தது.

போர் விமானியும் போர்க்கப்பல் மாலுமியும் தடுமாறும் இடத்தில், சமையலறையில் நிற்கும் ஒருவர் தடுமாறினால் மட்டும் அது அவருடைய அறியாமை ஆகிவிடுமா?

3. 'பொத்தான் பழசு, தொடுதிரைதான் முன்னேற்றம்'

யாருக்கு முன்னேற்றம் என்று கேட்க வேண்டும். 2022-இல் ஸ்வீடனின் 'வி பிலேகரே' என்ற கார் இதழ் ஒரு சோதனை நடத்தியது. பதினொரு புதிய கார்களோடு, பொத்தான்கள் நிறைந்த 2005-ஆம் ஆண்டு வோல்வோ ஒன்றையும் சேர்த்துக்கொண்டது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டே ஏசி, ரேடியோ போன்றவற்றை இயக்கும் நான்கு சிறு வேலைகளைச் செய்ய வேண்டும். பழைய வோல்வோவில் பத்து வினாடியில் முடிந்தது. அதற்குள் கார் 306 மீட்டர் கடந்திருந்தது. தொடுதிரைக் கார்களில் கடைசியாக வந்ததில் 44.9 வினாடி ஆயிற்று, 1,372 மீட்டர். ஒன்றேகால் கிலோமீட்டருக்கும் மேலாக ஓட்டுநரின் கவனம் சாலைக்கும் திரைக்கும் இடையே கிடந்து அல்லாடுகிறது. ஓட்டுநர்களுக்கு அந்தக் கார்களைப் பழகிக்கொள்ள முன்கூட்டியே நேரமும் கொடுத்திருந்தார்கள். ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்புக்கு நட்சத்திரம் வழங்கும் யூரோ என்கேப் அமைப்பு, 2026 முதல் முழு மதிப்பெண் வேண்டுமென்றால் இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன், அபாய விளக்கு போன்றவற்றுக்குத் தனி விசை இருக்க வேண்டும் என்கிறது.

கார் வேண்டாம், அடுப்புக்கு வருவோம். கேஸ் அடுப்பின் திருகை ஈரக் கையாலும் திருப்பலாம், மாவு ஒட்டிய கையாலும் திருப்பலாம், பார்க்காமலும் திருப்பலாம். பல இண்டக்‌ஷன் அடுப்புகளில் திருகு இல்லை. வழுவழுப்பான கண்ணாடி மட்டும்தான். அந்தக் கண்ணாடி விரல் பட்டதை எப்படி அறிகிறது? விரல் நெருங்கும்போது மின்புலத்தில் உண்டாகும் மாற்றத்தை வைத்து. தண்ணீரும் அந்த மின்புலத்தைக் குலைக்கும். எனவே பால் பொங்கிக் கண்ணாடியில் வழிந்த நொடியில், அதாவது உடனே தணிக்க வேண்டிய நொடியில், பொத்தான் விரலுக்குக் கட்டுப்படாமல் போகலாம். தண்ணீரும் எண்ணெயும் புழங்கும் இடம் சமையலறை. அங்கே ஈரத்தில் குழம்பும் விசையை வைத்தவர் சமையல் செய்பவரை ஒரு கணமாவது நினைத்திருப்பாரா?

கண்பார்வை இல்லாதவர்களை நினைத்திருக்கவே மாட்டார். திருகு இருக்கும் வாஷிங் மெஷினில் எத்தனையாவது சொடுக்கு எந்த வேலை என்று விரலும் காதும் சேர்ந்து சொல்லிவிடும். வழுவழுப்பான கண்ணாடியிலோ எழுத்தும் இல்லை, மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. நேற்றுவரை தன் துணியைத் தானே துவைத்துக்கொண்டவர் இன்று அடுத்தவரை அழைக்க வேண்டியிருக்கிறது.

பிறகு ஏன் எல்லாவற்றிலும் தொடுதிரை? ஒவ்வொரு பொத்தானுக்கும் அச்சு வேண்டும், துளை வேண்டும், ஸ்பிரிங் வேண்டும், ஒயர் வேண்டும். ஒரு கண்ணாடியை ஒட்டிவிட்டால் அத்தனைக்கும் அதுவே போதும். எந்தப் பொத்தான் எங்கே என்பதைக் கடைசி நாளில்கூட மென்பொருளில் மாற்றிக்கொள்ளலாம். செய்பவருக்கு மிச்சம், சிரமம் நமக்கு. அதற்கு 'பிரீமியம்' என்று பெயர் சூட்டி நம்மிடமே கூடுதல் விலையும் வாங்குகிறார்கள்.

4. 'வேண்டாதவர் அந்த வசதியை விட்டுவிடலாமே'

விடும் வழி எங்கே இருக்கிறது? அம்மாவின் டிவியில் விளம்பர முகப்பைத் தாண்டாமல் சேனலுக்குப் போக முடியவில்லை. கடையில் முழு விலை கொடுத்து வாங்கிய பெட்டி அது, இலவசமாக வந்ததல்ல. ரிமோட்டில் நான்கு ஓடிடி நிறுவனங்களுக்குத் தனித்தனிப் பொத்தான் இருக்கிறது. சேனல் எண் அழுத்துவதற்கு எண்களே இல்லை. செயலியைத் திறந்தால் இருப்பிடம் கேட்கிறது, தொடர்பு எண்கள் கேட்கிறது. திரையில் 'சரி' இருக்கிறது, 'பிறகு' இருக்கிறது. 'வேண்டாம்' இல்லை.

இது தற்செயல் என்றால் அரசு இதற்கென்று வழிகாட்டு நெறி வெளியிட்டிருக்காது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று இணையத் தளங்களிலும் செயலிகளிலும் நடக்கும் இத்தகைய ஏமாற்று வடிவமைப்புகளில் 13 வகைகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, இன்னும் சில நிமிடங்கள்தான் என்று பொய்யாக அவசரப்படுத்துவது, சந்தாவை நிறுத்த வழி தெரியாமல் மறைப்பது, 'வேண்டாம்' என்பவரைக் குற்ற உணர்வுக்கு ஆளாக்குவது, திரும்பத் திரும்பக் கேட்டு நச்சரிப்பது எல்லாம் அதில் உண்டு. இந்தப் பட்டியல் என்ன சொல்கிறது? நாம் குழம்புவது நம் மூளைக் குறைபாட்டால் அல்ல. நாம் குழம்ப வேண்டும் என்று உட்கார்ந்து திட்டமிட்டிருக்கிறார்கள். வலை விரித்தவரை விட்டுவிட்டு விழுந்த மீனுக்கு நீந்தத் தெரியவில்லை என்பதா?

5. 'மெல்லிதாக வேண்டும், தண்ணீர் புகக் கூடாது, அதனால்தான் பேட்டரியை மூடிவிட்டோம்'

இந்த வாதத்தை ஒரு கைபேசியே மறுக்கிறது. 2014-இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்5 மாடலின் பின்மூடியை நகத்தால் திறந்து பேட்டரியைக் கழற்றி மாற்றலாம். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் ஐபி67 தரச்சான்றும் அதற்கு இருந்தது. முடியாது என்பதைப் பத்தாண்டுகளுக்கு முன்பே செய்து காட்டிவிட்டார்கள்.

லித்தியம் பேட்டரி தேய்ந்துபோகும் பொருள். சில நூறு முறை முழுதாகச் சார்ஜ் ஏறி இறங்கினால் அதன் கொள்ளளவு குறையும்; இது வேதியியல், யாரும் தப்ப முடியாது. தேயும் பொருளை மாற்ற வழி வைப்பதுதான் பொறியியல் நேர்மை. சைக்கிள் டயர் தேய்ந்தால் சைக்கிளைத் தூக்கிப் போடுகிறோமா? கோவை கிரைண்டரைப் பாருங்கள். ஒரு மோட்டார், ஒரு பெல்ட், ஒரு சுவிட்ச். பெல்ட் அறுந்தால் தெருமுனைக் கடையில் வாங்கி அன்று மாலையே மாவு அரைத்துவிடலாம். அம்மாவுக்குத் திருமணத்தில் வந்த கிரைண்டர் இன்றும் ஓடுகிறது. நான் மூன்று வருடத்துக்கு முன் வாங்கிய கைபேசியைப் பேட்டரிக்காகச் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போனேன். "இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிக்கலாம் சார்" என்றார்கள்.

இந்தப் பேட்டரி விவகாரத்தில் உலகின் பெரிய நிறுவனமே பிடிபட்டது. பேட்டரி தேய்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் மூலம் குறைத்ததை 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. போன் திடீரென்று அணைந்துபோகாமல் காக்கவே அப்படிச் செய்தோம் என்பது அவர்கள் தந்த காரணம். காரணம் உண்மையாகவே இருக்கட்டும். வாங்கியவரிடம் ஏன் சொல்லவில்லை? சொல்லாமல் விட்டதற்காகவே 2020-இல் பிரான்ஸ் 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. போன் மந்தமாகிவிட்டது என்று நினைத்துப் புதிது வாங்கியவர்களில் எத்தனையோ பேருக்கு ஒரு புதிய பேட்டரியே போதுமாக இருந்திருக்கும்.

இதன் விளைவு குப்பைமேட்டில் தெரிகிறது. ஐ.நா. அமைப்புகள் வெளியிட்ட கணக்குப்படி, 2022-இல் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை உண்டாக்கியது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது அதில் 22.3 சதவீதம் மட்டுமே.

6. 'சந்தை தீர்மானிக்கும், அரசு தலையிட்டால் புதுமை செத்துவிடும்'

சார்ஜரை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு ஊசி, ஆளுக்கு ஒரு வயர் என்று வீட்டின் இழுப்பறைகள் நிறைந்து கிடந்த காலம் நினைவிருக்கும். 2009-இல் ஐரோப்பிய ஒன்றியம் நிறுவனங்களைத் தாமாக முன்வந்து ஒன்றுபடக் கேட்டது. வகைகள் குறைந்தன, ஆனால் ஒன்றாகவில்லை. கட்டாயமாக்கினால் புதுமை பாதிக்கும் என்று ஆப்பிள் வெளிப்படையாகவே எதிர்த்தது. 2022-இல் சட்டம் வந்தது. 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்கும் கைபேசிகளுக்கு யூஎஸ்பி டைப்-சி கட்டாயம் என்றது. கெடுவுக்கு ஓராண்டுக்கும் முன்பே, 2023 செப்டம்பரில், ஐபோன் 15 அந்தத் துளையோடு வந்தது. புதுமை சாகவில்லை. பதின்மூன்று வருடம் சந்தை செய்யாததை ஒரு சட்டம் செய்தது. அதன் பயன் மதுரையில் சார்ஜர் கடன் கேட்பவருக்கும் கிடைத்திருக்கிறது.

பேட்டரியிலும் அதே வழிதான். 2027 பிப்ரவரி 18 முதல், சில விலக்குகள் நீங்கலாக, கையடக்கக் கருவிகளின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதித்திருக்கிறது. பழுது நீக்க எவ்வளவு எளிது என்பதற்கு மதிப்பெண் போட்டு விலைச்சீட்டோடு காட்ட வேண்டும் என்று பிரான்ஸ் 2021 முதலே சொல்கிறது. நம் அரசு 2022-இல் பழுதுநீக்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் தொடங்கியது. பழுதுநீக்க மதிப்பெண் பற்றி ஆராய்ந்த குழு 2025-இல் அறிக்கை கொடுத்தது. நல்ல தொடக்கம். ஆனால் இணையதளத்தில் தகவல் போடுவது நிறுவனத்தின் விருப்பம். உதிரிபாகம் கொடுப்பது கடமை என்று சட்டம் சொன்னால்தான் சென்னை ரிச்சி தெருவில் கைபேசி பழுதுபார்ப்பவருக்கு நேரான வழியில் பாகம் கிடைக்கும்.

'பிடிக்காதவர் வாங்க வேண்டாம்' என்பதும் இன்று செல்லாத வாதம். வங்கிக்கு ஓடிபி வேண்டும், கேஸ் புக்கிங்குக்குக் கைபேசி வேண்டும், ரயில் டிக்கெட்டுக்குச் செயலி வேண்டும். வாங்காமல் வாழ முடியாது என்று ஆக்கிவிட்ட பிறகு, வாங்குவது உன் விருப்பம் என்று சொல்வது நேர்மை ஆகாது.

7. 'நம் மக்களுக்கு அந்த அளவு அறிவு இல்லை'

கடைசியாகச் சொல்லும் வாதம் இது, மிகக் கொடியதும் இதுவே. இதை உடைக்க வெளிநாட்டுச் சான்று தேவையில்லை. நம் வாக்குச்சாவடியிலேயே இருக்கிறது.

மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை நினைத்துப் பாருங்கள். பெயர், பக்கத்தில் சின்னம், அதற்கு நேராக நீலப் பொத்தான். அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும், நீளமாக ஒரு பீப் கேட்கும். பார்வையற்றவர்களுக்குப் பொத்தான் அருகே பிரெய்ல் எண். கரண்ட் இல்லாத ஊரிலும் பேட்டரியில் ஓடும். 1982-இல் கேரளத்தின் பரவூர் தொகுதியில் முதன்முதலாகச் சோதித்தார்கள். 2004 மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதும் இதில்தான் வாக்களித்தது. 2024-இல் 64 கோடிப் பேர் வாக்களித்தார்கள். அவர்களில் கையெழுத்துப் போடத் தெரியாதவர் உண்டு, அதுவரை எந்தக் கணினியையும் தொடாதவர் உண்டு. யாரும் பயிற்சி வகுப்புக்குப் போகவில்லை. பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் (பெல்) நிறுவனத்தில் இந்த இயந்திரம் உருவானபோது அதில் முக்கியப் பங்கு வகித்தவர் நம் எழுத்தாளர் சுஜாதா. இயந்திரத்தைப் பற்றிய அரசியல் சர்ச்சைகள் தனி. ஆனால் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியாமல் இந்த நாடு திகைத்து நிற்கவில்லை.

இன்னொன்று, பெட்டிக்கடைகளில் பணம் வந்ததும் தமிழில் தொகையைச் சொல்லும் சிறு ஒலிப்பெட்டி. கடைக்காரர் வடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டுக்கொள்கிறார். திரை பார்க்க வேண்டாம், கையைத் துடைக்க வேண்டாம், ஆங்கிலம் படிக்க வேண்டாம். புதிய தொழில்நுட்பம்தான், யாரும் முணுமுணுக்கவில்லை. மக்கள் புதியதை வெறுப்பதில்லை. தங்களை மதித்துச் செய்ததை அன்றே ஏற்றுக்கொள்கிறார்கள்.

கோணலைச் சகித்துக்கொண்டு போவதில் என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தன்னால் முடியாது என்று நம்பத் தொடங்கியவர் அடுத்துச் செய்வது, கருவியை இன்னொருவர் கையில் கொடுப்பது. ஏடிஎம் வாசலில் நிற்கும் அந்நியரிடம் அட்டையையும் ரகசிய எண்ணையும் கொடுக்கிறார் ஒரு பெரியவர். போனில் அழைத்த குரல் 'நான் உதவுகிறேன்' என்றதும் ஓடிபியைச் சொல்கிறார் ஒரு அம்மா. வாழ்நாள் சேமிப்பு போனபின், கவனமாக இருந்திருக்க வேண்டும் என்று அவர்களையே திட்டுகிறோம். 'உனக்குப் புரியாது' என்று ஆயிரம் முறை சொல்லி அவர்கள் தன்னம்பிக்கையைக் கரைத்த நமக்கும் அந்தக் களவில் பங்கு உண்டு.

கேட்க வேண்டியவை அதிகமில்லை. அடிக்கடி தொடும் விசைகள் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். பாதுகாப்புத் திருத்தம் தனியாகவும் முகப்பு மாற்றம் தனியாகவும் வர வேண்டும். இரண்டாவதை மறுக்கும் உரிமை வாங்கியவருக்கு வேண்டும். 'சரி' எவ்வளவு பெரிதோ 'வேண்டாம்' அவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும். தேயும் பாகம் கழற்றும்படி இருக்க வேண்டும், கடையில் கிடைக்க வேண்டும். தமிழ்நாட்டில் விற்கும் கருவியின் எச்சரிக்கைகள் தமிழில் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்றுகூட இதுவரை யாரும் செய்யாத அதிசயமல்ல. எல்லாமே எங்காவது, ஏதாவது ஒரு கருவியில் செய்து காட்டியவைதான்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வீட்டில் ஒருவர் கருவி முன்னால் திகைத்து நின்றால், ரிமோட்டைப் பிடுங்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, எந்த இடத்தில் தடுக்கியது என்று கேளுங்கள். அந்த இடம்தான் கோணல். அதை எழுதி நிறுவனத்துக்கு அனுப்புங்கள். ஏமாற்று வடிவமைப்பாக இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள்.

அம்மா ஆசிரியராக இருந்தபோது தேர்தல் பணிக்குப் போவார். ஒவ்வொரு வாக்காளருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியின் பொத்தானை அழுத்தி வாக்கைத் திறந்து விடுவார். அவருக்கு அதை ஒருநாள் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள்; மறைப்புக்குப் பின்னால் போன கிழவிகளுக்கு அதுவும் இல்லை. டிவிக்கும் போனுக்கும் என்னை வாரம் ஒருமுறை கூப்பிடும் அம்மா, ஓட்டுப் போட இன்றுவரை என்னைக் கூப்பிட்டதில்லை.